மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர்? ஒரு அட்டவணைக்காக அலைந்த கதை

முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு அட்டவணை. கல்லூரிகளில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர்? கொஞ்ச நேரம் இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும் என்றார் நெறியாளர். கேள்வியின் முதல் பாதிக்கு அப்படித்தான் கிடைத்தது.

எல்லோரும் போகும் இடம் ஐஷே, அதாவது அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. 2010-11 முதல் ஒன்றிய அரசு நடத்துகிறது, அறிக்கைகள் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. 2019-20 அறிக்கையில் நாடு முழுக்க 92,831 மாற்றுத்திறனாளி மாணவர்கள். மொத்த மாணவர்களோ சுமார் 3.85 கோடி. ஆயிரத்துக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிலைமை புரியும்.

நான் திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள் வைத்துப் படிப்பவன். இந்த பிடிஎஃப் அட்டவணைகளை என்விடிஏ என்ற என் திரைவாசிப்பான் வாசிக்கும்போது தலைப்புகள் ஒரு பக்கம் போய்விடும், எண்கள் மட்டும் சரம் சரமாகக் காதில் விழும். எது ஆண், எது பெண், எது மொத்தம் என்று பிடிபடாது. அதனால் ஒவ்வொரு வரியையும் எக்செல்லில் ஒட்டிக் கூட்டிப் பார்ப்பேன். 47,830ஐயும் 45,001ஐயும் கூட்டினால் 92,831 வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் நெடுவரிசை நகரவில்லை. மாநில வரிகளுக்கும் இதே வேலைதான். மாற்றுத்திறனாளிகள் பற்றிய புள்ளிவிவரத்தை ஒரு மாற்றுத்திறனாளி இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது!

அடுத்த ஆண்டு அறிக்கையைத் திறந்தால் 79,035. மொத்த மாணவர் எண்ணிக்கை 4.14 கோடியாக ஏறியிருக்க, இது மட்டும் இறங்கியிருக்கிறது. கொரோனா ஆண்டு, பலர் படிப்பை விட்டிருக்கலாம். ஆனால் கல்லூரிகள் முழுக்க முழுக்க இணையப் படிவத்தில் விவரம் நிரப்பத் தொடங்கியதும் அதே 2020-21இல்தான். மாணவர்கள் குறைந்தார்களா, எண்ணும் முறை மாறியதால் குறைந்ததா என்று அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வேட்டில் இரண்டு ஆண்டையும் போட்டு, இந்தக் குறிப்பையும் சேர்த்தேன்.

இன்னொரு விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு 5 சதவீதம் இடம் ஒதுக்கச் சொல்கிறது, வருவதோ கால் சதவீதம்கூட இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். கோபம் நியாயம்தான், ஒப்பீடு சரியில்லை. அந்த 5 சதவீதம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் சேர்க்கை இடங்களுக்கு, அதுவும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு. ஐஷே தனியார் சுயநிதிக் கல்லூரிகளையும் சேர்த்து எண்ணுகிறது.

வகைவாரி விவரம்தான் பெரிய பாடு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, நான் பார்த்த ஐஷே அட்டவணைகளிலோ எல்லோருக்கும் சேர்த்து ஒரே நெடுவரிசை. சரி, எண் புறப்படும் இடத்துக்கே போவோம் என்று தெரிந்த ஒரு கல்லூரியில் படிவம் நிரப்பும் ஆசிரியரைப் பார்த்தேன். "சேர்க்கை விண்ணப்பத்தோட சர்டிபிகேட் வச்சிருந்தா எண்ணுவோம் தம்பி, இல்லன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலர் சான்றிதழே வாங்குவதில்லை, வாங்கினாலும் வெளியே காட்டுவதில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

அவரே இன்னொரு வழியும் காட்டினார்: தேர்வுப் பிரிவு. தேர்வெழுத உதவியாளர் கேட்பவர்களும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்பவர்களும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் குறைபாட்டின் வகை இருக்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வந்து தானே எழுதும் மாணவர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். கட்டணச் சலுகைப் பட்டியல் தனி, உதவித்தொகைப் பட்டியல் தனி. ஒரே கல்லூரிக்குள் ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும். எனக்குத் தேர்வுப் பிரிவின் பட்டியல்தான் அதிகம் பயன்பட்டது. வகையைச் சொல்வது அது ஒன்றுதான்.

பல்கலைக்கழக அளவில் அதை வாங்க ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட அண்ணன் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "புள்ளிவிவரம் தாங்கன்னு கேட்காதே. அப்படி எதுவும் பராமரிக்கப்படவில்லைன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. இருக்கிற பதிவேட்டோட நகலைக் கேள்." தகவல் அலுவலர் நமக்காகப் புதிதாக எண்ணிக் கூட்டித்தர வேண்டியதில்லை, கையில் இருப்பதைத் தந்தால் போதும் என்பதுதான் விஷயம். எனவே குறிப்பிட்ட கல்வியாண்டுகளைச் சொல்லி, கூடுதல் நேரமும் உதவியாளரும் அனுமதித்த ஆணைகளின் நகல்களை, மாணவர் பெயரும் பதிவெண்ணும் மறைத்துத் தருமாறு கேட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபால்.

விண்ணப்பத்தின் அடியில் ஒரு பத்தி சேர்த்தேன். எனக்குப் பார்வை இல்லை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(4) பிரிவுப்படி நான் படிக்கக்கூடிய வடிவில், மின்னஞ்சலில் கோப்பாகத் தரவும் என்று. புலன் குறைபாடு உள்ளவர் தகவலைப் பெற அலுவலர் உதவ வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒரு பல்கலைக்கழகம் எக்செல் கோப்பே அனுப்பியது. வகை, பாடப்பிரிவு, ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. இன்னொன்றிலிருந்து வந்தது கோணல்மாணலாக எடுத்த ஜெராக்ஸ் கட்டு, பாதி கையெழுத்து. படத்தில் உள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் ஓசிஆர் மென்பொருளில் போட்டால் எண்களுக்குப் பதில் எழுத்துகளும் புள்ளிகளுமாக வந்தது. அந்தக் கட்டை ஜூனியர் மாணவி ஒருவர் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்துவருகிறேன். படிக்கக்கூடிய வடிவில் தரவில்லை என்று முதல் மேல்முறையீடும் போட்டாயிற்று. பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும், தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது.