150 ரூபாய் மரம்

பிப்ரவரி 18, 2024

போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, வளர்க்க ஒரு செடி தேடி, வெயில் ஏறுவதற்குள் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்து நர்சரிகளில் ஒரு சுற்று. போன்சாய் என்று தனியாக மேஜை போட்டு அடுக்கியிருந்த பக்கம் போகவே இல்லை. அங்கே பாதி விலை பீங்கான் தட்டுக்கும் வெள்ளைக் கூழாங்கல்லுக்கும்தான். ஆல், அரசு வகையான ஃபைகஸில், வேர் கிழங்காகப் பருத்த 'ஜின்செங்' ரகமும் எனக்கு வேண்டாம். பெரும்பாலும் உச்சியில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அடி ஒரு ஜாதி, இலை ஒரு ஜாதி என்று நிற்கும்.

நமக்கான சரக்கு பின்பக்கம், வேலிக்கு வைக்க வாங்கிப் போகும் கறுப்புப் பைச் செடிகளில் இருக்கிறது. ஃபைகஸிலேயே மைக்ரோகார்ப்பா என்ற இனம், பை 150 ரூபாய். உயரமும் பளபளக்கும் இலையும் எதற்கும் உதவாது. மேல்மண்ணை விரலால் ஒரு அங்குலம் தள்ளி, தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வேர்கள் நாலாபக்கமும் விரிந்து இறங்கினால் எடுக்கலாம். ஒரே பக்கமாகச் சுருண்டு கிடந்தால் அடுத்த பைக்குப் போய்விடலாம்.

நர்சரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன சார், செடியை விட்டுட்டு மண்ணையே நோண்டறீங்க?" என்றார்.

கடைசியில், யாரும் சீந்தாமல் மூலையில் சாய்ந்து வளர்ந்திருந்த ஒன்று அகப்பட்டது. உச்சி உடைந்திருந்தது. அடித்தண்டு என் மணிக்கட்டு கனம் இருக்கும். உடைந்த உச்சிக்காக 30 ரூபாய் குறைத்தார். எப்படியும் வெட்டப்போகிற உச்சிதான், நான் வாயைத் திறக்கவில்லை. கூடவே பெஞ்சமினா என்ற சின்ன இலை ஃபைகஸ் ஒன்றும் வாங்கினேன்.

பிப்ரவரி 25

இன்று வெட்டு. மைக்ரோகார்ப்பாவை ஒரு சாண் உயரத்தில் ரம்பத்தால் அறுத்தேன். ஓர் இலைகூட மிச்சம் இல்லை. இந்த வெயிலுக்கு வெறும் பட்டையிலிருந்தே துளிர்த்துவிடும். பெஞ்சமினா அப்படியில்லை. இலையில்லாமல் மொட்டையடித்த கிளை பல நேரம் அப்படியே காய்ந்துபோகும். அதனால் கிளைக்கு நாலைந்து இலையாவது விட்டுத்தான் கத்தரித்தேன்.

அறுத்த இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக எழும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து தண்டு வழியாக ஒழுகும். தண்ணீரைப் பீய்ச்சினால் சில நிமிடத்தில் உறைந்து நின்றுவிடும். சட்டையில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோல் அரிக்கும். பால் நின்ற பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினேன்.

மண் கலவையில் தோட்டத்து மண்ணே இல்லை. உடைத்துச் சலித்த செங்கல், 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ளது, பாதிக்கு மேல். மீதி பருமணலும் மக்கிய எருவும். செங்கல் தூளைக் கழுவி வெளியேற்றாவிட்டால் அடியில் சேறாகப் படிந்து வேர் அழுகும்.

நட்டது கொத்தனார் கலவை சுமக்கும் பிளாஸ்டிக் பாண்டில், அடியில் ஓட்டை போட்டு. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. போன்சாய் என்றால் தட்டு எங்கே என்கிறார்கள். தண்டு பருக்க வேண்டுமென்றால் மேலே இலை மண்ட வேண்டும், கீழே வேர் ஓட இடம் வேண்டும். தட்டில் வைத்த அன்றிலிருந்து பருமன் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். கடையில் ஆயிரக்கணக்கில் கேட்பது யாரோ வளர்த்துக் கொடுத்த வருஷங்களுக்கான விலை. காசு கொடுக்க மனசில்லாதவன் அந்த வருஷங்களைத் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

மார்ச் 10

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்திருக்கும். விரிசலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, உளியால் பூச்சைப் பெயர்த்து எடுத்தேன். வேர் ஒரு முழத்துக்குத் தட்டையாக வந்தது, சுவரின் இடுக்கு என்ன வடிவமோ அதே வடிவத்தில்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, அரச மரத்தையெல்லாம் வீட்டுல வைப்பாங்களா? ஏதாவது கோயில்ல கொண்டுபோய் வெச்சுடு" என்றார்.

"இத்தனை நாள் நம்ம சுவத்துலதாம்மா இருந்துது."

அவருக்கு அந்தப் பதில் ரசிக்கவில்லை. எனக்கும் அரசின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. இலையைச் சிறிதாக்கலாம், ஆனால் காம்பு நீண்டு தொங்குவதை அவ்வளவாக மாற்ற முடியாது. காசில்லாமல் வந்தது, இருக்கட்டும்.

மே 12

அக்னி நட்சத்திரம். பச்சை நெட் கட்டியாயிற்று. காலை, மாலை இருவேளையும் தண்ணீர். வேறு வேலை இல்லை.

ஜூன் 23

கம்பி கட்டினேன். மைக்ரோகார்ப்பாவில் வந்த துளிர்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளியாயிற்று. பென்சில் கனம் வருவதற்குள் வளைத்துவிட வேண்டும். அலுமினியக் கம்பி, கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 45 டிகிரி சாய்வில், இடைவெளி சீராகச் சுற்ற வேண்டும். வளைக்கும்போது கட்டைவிரல் வளைவின் உட்பக்கம் அண்டக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் கிளை வேகமாகப் பருக்கும், சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். கழற்றும்போது சுற்றைப் பிரிக்க முயன்றால் மொட்டு உடையும். துண்டு துண்டாக வெட்டி எடுப்பதுதான் நல்லது. கம்பியை மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கிளையை விடக் கூடாது.

ஜூலை 27

வடிவம் யோசிக்கும்போது ஜப்பானியப் படங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவை பெரும்பாலும் பைன், ஜூனிபர் மரங்களின் கணக்கு. ஃபைகஸுக்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்தது. ஹவுரா தாவரவியல் பூங்கா ஆலமரத்தின் நடுத்தண்டைப் பூஞ்சை பிடித்து 1925-இல் அகற்றிவிட்டார்கள். இரண்டும் இன்றைக்கும் விழுதுகளை நம்பி நிற்கின்றன. அதனால் என் மரத்தில் நடுத்தண்டின் நேர்த்தியைவிடக் கிளையின் அகலத்துக்கும் விழுதுக்கும்தான் முதலிடம்.

விழுதுக்கு ஈரக்காற்று வேண்டும். கிளையில் வேர்முனை தலைகாட்டியதும் ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி அதைச் சுற்றிப் பொருத்தி, தேங்காய் நார்த்தூள் அடைத்து, மண் வரை இறக்கிவிட வேண்டும். உள்ளேயே இறங்கிவிடும். இப்போதைக்கு ஒரே ஒரு முனை தெரிகிறது.

ஆகஸ்ட் 18

கொழுந்து இலைகள் மடித்த வெற்றிலையாக மூடிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஊசிமுனை கனத்தில் கறுப்புப் பூச்சிகள் ஓடின. இலைப்பேன். மருந்து மடிப்புக்குள் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளிப் பாலித்தீன் பையில் முடிந்து குப்பைக்கு அனுப்பிவிட்டு, புதுக்கொழுந்துக்கு மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு தெளித்தேன்.

அக்டோபர் 16

நேற்று நல்ல மழை, இன்று ரெட் அலர்ட். பாண்டில் தண்ணீர் நிற்கவில்லை. செங்கல் சலித்த சிரமத்துக்குக் கூலி கிடைத்தது. ஸ்ட்ரா விழுது மண்ணைத் தொட்டுவிட்டது. பெஞ்சமினாவின் ஒரு கிளை காய்ந்துவிட்டது. ஆச்சரியமில்லை, அந்த ரகத்தின் குணமே அதுதான்.

டிசம்பர் 22

கம்பிகள் எல்லாம் போய்விட்டன, வளைவு நின்றுவிட்டது. அடியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் ஓடவிட்டிருக்கிறேன். இப்போது என் தோள் உயரம். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடித்தண்டைப் பருக்க வைக்கும் உழைப்பாளி அதுதான். போதுமான கனம் வந்ததும் அறுத்துவிடுவேன், இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும்.

இது தெரியாமல் மாமா நீலப் பீங்கான் தட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தட்டு, ஓட்டைகூடச் சரியான இடத்தில் இருக்கிறது. மரம் தயாராகும்வரை சும்மா கிடக்க வேண்டாம் என்று புதினா போட்டேன். பொங்கலுக்கு அவர் மறுபடி வருகிறார், அதற்குள் பறித்தாக வேண்டும்.