பட்டியலில் என் பெயர் தூங்கிய ஐந்து மாதங்கள்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இப்படி நான்கு வருடம் இரண்டு மாதம் போன பிறகுதான் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. அதில் ஐந்து மாதம் சும்மாவே கழிந்தது, அது கழிகிறது என்றுகூட எனக்குத் தெரியாமல். வீட்டில் யாராவது பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கணவர் கொடுப்பதாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். அவருக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஸ்கேனும் சுத்தம். நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தபோது கிராஸ்மேட்ச் வந்தது. என் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, அவருடைய வெள்ளணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் சோதனை. "பாசிட்டிவ்" என்று டாக்டர் சொன்னதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார்.

பாசிட்டிவ் என்றால் பொருந்தாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையின் திசு அடையாளங்களில் பாதி அப்பாவுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அதற்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு பிரசவம், இரண்டாவதில் ரத்தமும் ஏற்றினார்கள். இவருடைய சிறுநீரகத்தை வைத்தால் என் உடம்பு அதை மணிக்கணக்கில்கூட விட்டுவைக்காது.

"அப்போ நம்ம பிள்ளைங்களாலயா டாக்டர்?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களால இல்ல சார். உடம்போட இயல்பு அது."

வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது, "பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வளர்ந்த பிறகுதான் சொன்னோம்.

1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு நடந்தது. அண்ணன் தம்பி திசு ஒன்றே என்பதால் உடம்பு சண்டை போடவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இந்தச் சண்டையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆன்டிபாடி உள்ள பெண்களுக்கு அது இன்னும் பெரிய மலை. பிள்ளை பெற்றதற்காகப் பின்வரிசையில் நிற்கிறோம் என்று அப்போது மனசுக்குள் பொருமினேன்.

இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் பட்டியலில் பதிந்தோம். என் பி.ஆர்.ஏ. 70. அதாவது நூறு கொடையாளர்கள் வந்தால் எழுபது பேருடையது எனக்கு ஆகாது. மிச்ச முப்பதிலும் ஓ வகை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஜோடியோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. முயன்றோம், பொருந்தி வரவில்லை.

இரண்டாம் வருடம், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. தொற்று இருக்கும்போது மாற்று அறுவை செய்ய முடியாது. மாற்றுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் தொற்று உடம்பெல்லாம் பரவிவிடும். அதனால் என்னை ஹோல்டில் போட்டார்கள், அதாவது பட்டியலில் பெயர் இருக்கும், அழைப்பு வராது. அது சரிதான். மூன்று வாரத்தில் புண் ஆறியது. நான் பட்டியலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு போனை விட்டு நகராமல் நாட்களைக் கடத்தினேன்.

டயாலிசிஸில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா. ஒருநாள் மெஷினில் ஏறும்போது அவரிடம் ஒரு சின்னக் குழாய் ரத்தம் தனியாக எடுத்தார்கள். குழாய் மேல் பெயரும் தேதியும் எழுதிய வெள்ளைச் சீட்டு. "கிராஸ்மேட்ச் சீரம் மாசாமாசம் போகுமே, உனக்கு எடுக்கலையாம்மா?" என்று கேட்டார். எனக்கு எடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் குழாய் இல்லாவிட்டால் நடுராத்திரியில் சிறுநீரகம் வந்தாலும் என்னோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கையில் ஊசி இருக்கும்போதே ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். "மேடம், நீங்க இன்னும் ஹோல்டுலதான் இருக்கீங்க. தொற்று சரியான லெட்டர் எங்களுக்கு வரலை." ஆஸ்பத்திரி கேட்கும் என்று டயாலிசிஸ் சென்டர் இருந்திருக்கிறது, சென்டர் அனுப்பும் என்று ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. ஒரே ஒரு பக்கத் தாள். மறுநாள் நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த வாரமே ஆக்டிவ் ஆனேன். அந்த ஐந்து மாதத்தில் எனக்குப் பொருந்தும் ஒன்று வந்து போயிருக்குமோ என்று நினைத்து அழுத இரவுகள் உண்டு.

அன்றிலிருந்து ஒரு நோட்டு. மாதம் முதல் தேதி போன். நான் ஆக்டிவா, சீரம் வந்து சேர்ந்ததா, எக்கோ என்ற இதய ஸ்கேனும் பல் பரிசோதனையும் எந்தத் தேதியோடு காலாவதி, உங்களிடம் இருக்கிற என் நம்பர் எது? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். துரத்திக் கேட்க ஆள் இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வாய்ப்பு ஒன்றாக இல்லை, அதைக் கண்ணால் பார்த்தேன். அக்காவுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அவருக்கும் சேர்த்தே கேட்க ஆரம்பித்தேன்.

முதல் அழைப்பு மூன்றாம் வருடம், முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் அடுத்த ஆளாக. ராத்திரி பட்டினியோடு ஓடினோம், முதல் ஆளுக்கே பொருந்தியது, திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து வந்ததுதான் எனக்கானது.

வெளியே எடுத்த இதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஐஸில் ஒரு நாள் வரை தாங்கும், ஆனால் நேரம் ஏற ஏற விழிக்கச் சுணங்கும். எனக்கு வந்தது 19 மணி நேரம் ஆனது. அறுவைக்குப் பிறகும் மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். எல்லாம் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். "தூங்குது, எழும்" என்றார் நர்ஸ். எட்டாம் நாள் காலை பைக்குள் இளமஞ்சளாய் ஒரு விரற்கடை சிறுநீர். என் கணவர் குனிந்து அந்த அளவுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இப்போது 1.4. புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, தவறவிட்டதில்லை. கொடுத்த குடும்பத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி ஆஸ்பத்திரி மூலமாக அனுப்பினேன். நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை.

அக்காவின் பெயரைப் போன வருடம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காத்திருந்த காலத்திலேயே இதயம் பலவீனமாகிவிட்டது, அறுவையைத் தாங்காது என்றார்கள். மாத்திரை மாற்றி, உடம்பில் தேங்கிய நீரைக் குறைத்து, மறுபடி எக்கோ எடுத்துப் பார்க்கலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை. மாஸ்க் போட்டுக்கொண்டு நானும் கூடப் போகிறேன். நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.