மூன்று கிழவர்களும் ஒரு மாட்டு டாக்டரும்: யார்க்‌ஷயர் பயணம்

பிரிட்டிஷ் டிவி தொடர்கள் எடுத்த ஊர்களை மாமா, அத்தையோடு சுற்றிப் பார்த்த கதை இது. முதலில் அந்த டாக்ஸி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நிதானமாக எழுத வராது.

யார்க்‌ஷயரில் ஒரு பஸ் ஸ்டாப். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முகத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிற ஒரு தூறல். தலைக்கு மேலே டிஜிட்டல் போர்டு. கிராசிங்டன் என்ற ஊருக்குப் போகிற பஸ் 12 நிமிடம் என்றது. அப்புறம் 8, அப்புறம் 3. அப்புறம் ‘வருகிறது’ என்று மின்னியது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் போய் நின்றோம். அந்த வரி அப்படியே மறைந்து, அடுத்த பஸ் 58 நிமிடம் என்று காட்டியது. எங்கள் கண்ணுக்கு எந்த பஸ்ஸும் தெரியவில்லை. போர்டின் கணக்கில் அது வந்து போயேவிட்டது.

மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அத்தைக்கு முட்டி வலி. வேறு வழியில்லாமல் டாக்ஸி பிடித்தோம். “முப்பது ஆகும்” என்று ஏற்றிய மனிதர், இறங்கும்போது நாற்பத்தைந்து பவுண்டு கேட்டார். ஏன் என்றால், திரும்பும்போது காலியாகத்தான் வர வேண்டுமாம். நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்ட அதே வசனம், அதே முகபாவம். பத்து மைல்கூட முழுசாக இல்லாத தூரத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல்! இங்கிலாந்தில் பஸ் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஒரு வழிக்கு 3 பவுண்டு. அந்த பஸ் மட்டும் வந்திருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து 9 பவுண்டோடு முடிந்திருக்கும்.

சரி, வயிற்றெரிச்சல் போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா மான்செஸ்டரில் குடியேறி ரொம்ப காலமாகிறது. எப்போது போன் பண்ணினாலும் ஏதாவது ஒரு பழைய பிரிட்டிஷ் டிவி காமெடியைப் பற்றித்தான் பேச்சு. நான் பார்த்ததெல்லாம் மிஸ்டர் பீனும் யெஸ் மினிஸ்டரும்தான். மிஸ்டர் பீன் மொத்தமே 15 எபிசோடுகள் என்றால் நம்ப முடிகிறதா? நம்மூரில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதில் நூறாவது இருக்கும் என்றே நினைத்திருந்தேன். “இந்தத் தடவை வா மாப்ளே, அந்த ஊர்களை எல்லாம் நேர்லயே காட்டுறேன்” என்றார் மாமா. ஸ்டுடியோ டூருக்கெல்லாம் டிக்கெட் எடுக்க மாட்டேன், தெருவில் சும்மா நடந்து பார்க்கிற இடமாக இருந்தால் வருகிறேன் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வரிசை இப்போதே டாக்ஸியில் கெட்டுப்போய்விட்டது.

முதல் ஊர் ஹோம்ஃபர்த். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஹடர்ஸ்ஃபீல்ட், அங்கிருந்து பஸ். ஹடர்ஸ்ஃபீல்ட் ஸ்டேஷன் வாசலில் அந்த ஊரில் பிறந்த பிரதமர் ஹரால்ட் வில்சன் வெண்கலச் சிலையாக நடந்துகொண்டிருக்கிறார். ஒரு செல்ஃபி, அவ்வளவுதான்.

ரயிலில் அத்தை சொன்னதுதான் சுவாரசியம். அத்தைக்கு மாமாவின் கிழவர் காமெடியெல்லாம் ஆகாது. கரோனேஷன் ஸ்ட்ரீட்தான் உயிர். 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கிய சீரியல் அது, இன்னும் ஓடுகிறது. முதல் எபிசோடில் காலேஜ் பையனாக வந்த வில்லியம் ரோச், அதே கென் பார்லோவாகத் தொண்ணூறு வயதைக் கடந்தும் நடித்துக்கொண்டிருக்கிறார். “வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரி பேசுறது ஒரு எழவும் புரியாது. உங்க மாமா வேலைக்குப் போயிருவாரு. இந்த சீரியலைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஊர்ப் பேச்சு காதுல ஏறிச்சு” என்றார். பிபிசி செய்தி வாசிப்பவரின் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மான்செஸ்டரில் ஒரு கட்டு கீரை வாங்க முடியாது என்பது அத்தையின் தீர்ப்பு. வட இங்கிலாந்தின் உழைக்கும் ஜனங்கள் அவர்கள் பேச்சிலேயே பேசுகிற சீரியல் என்பதுதான் 1960இல் அதன் புதுமையே.

ஹோம்ஃபர்த்தில் இறங்கியதும் மாமா பத்து வயது குறைந்தவர்போல முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன் என்ற பிபிசி காமெடி சீரியல் எடுத்த ஊர் இது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வேலைவெட்டி இல்லாத மூன்று வயசாளிகள் மலைச்சரிவில் சுற்றுகிறார்கள், வம்பளக்கிறார்கள், குளியல் தொட்டியில் உட்கார்ந்து சரிவில் வழுக்கி வருவதுபோல எதையாவது செய்து விழுந்து வாருகிறார்கள். 1973இல் தொடங்கி 2010 வரை 31 சீசன், 295 எபிசோடுகள். அத்தனையையும் எழுதியவர் ஒரே ஆள், ராய் கிளார்க்.

மூவரில் காம்போ என்பவன் கம்பளித் தொப்பி, ரப்பர் பூட்ஸ், கயிற்றால் கட்டிய கால்சட்டை. பக்கத்து வீட்டு நோரா பாட்டி மேல் அவனுக்குத் தீராத காதல். நோராவுக்குச் சுருங்கித் தொங்குகிற காலுறை, கையில் துடைப்பம், முகத்தில் கடுகடுப்பு. (தமிழில் படித்தால் அந்தப் பெயர் ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது.) அவள் வீட்டுக் கல்படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இரும்புக் கைப்பிடி, படி இடுக்குகளில் பாசி, கீழே சலசலத்து ஓடுகிற ஆறு. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மா மேல்படியில் ஏறி, மடக்கிய குடையைத் துடைப்பம்போல ஓங்கிப் பிடித்தார். தாத்தா கீழே நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டு கெஞ்சினார். படம் எடுத்துக் கொடுத்தது நான். அடுத்து மாமா அத்தையைக் கூப்பிட்டார். “மேல ஏறுனா நெசமாவே அடிப்பேன்” என்று அத்தை கீழேயே நின்றுவிட்டார். அதற்கு முட்டி வலி மட்டும் காரணமில்லை.

சர்ச் பக்கத்தில் சிட்ஸ் கஃபே. சீரியலுக்காகக் கஃபேயாக வேஷம் கட்டிய கட்டடம், பிற்பாடு நிஜமாகவே கஃபே ஆகிவிட்டது. டீயும் வெண்ணெய் தடவிச் சுட்ட பன்னும் சாப்பிட்டோம். விலை பரவாயில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் சராசரி வயது எழுபது இருக்கும், நான்தான் கைக்குழந்தை.

அதன் பிறகு அப்பர்தாங் ஏற்றம். ஒரு மைல் இருக்கலாம், ஆனால் மூச்சு முட்டுகிறது. அத்தை கஃபேயிலேயே தங்கிவிட்டார். மேலே செயின்ட் ஜான்ஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் காம்போவாக நடித்த பில் ஓவன் இருக்கிறார். லண்டன் ஆக்டனில் பிறந்த நடிகர். படப்பிடிப்புக்கு வந்த ஊரின் மேல் பைத்தியமாகி, தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். 1999இல் அப்படியே நடந்தது. பக்கத்திலேயே, மூவரில் இன்னொருவரான கிளெக்காக நடித்த பீட்டர் சாலிஸ். அவரும் லண்டன்காரர்தான். 295 எபிசோடிலும் வந்த ஒரே நடிகர். 2017இல் 96 வயதில் போய்ச் சேர்ந்து, நண்பருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, பொம்மை விற்கிற கடை கிடையாது. யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் பயணத்தில் பைசா செலவில்லாமல் பார்த்ததும் இதுதான், மனசில் நின்றதும் இதுதான்.

இன்னொரு கொசுறு. ஆரம்ப சீசன்களில் மூன்றாவது கிழவராக நடித்த மைக்கேல் பேட்ஸ் பிறந்தது நம் ஜான்சியில். அதே எழுபதுகளில் தேவ்லாலி ராணுவ முகாமை வைத்து வந்த இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம் என்ற காமெடியில், முகத்தில் மை பூசிக்கொண்டு இந்தியராக நடித்தவரும் அவரேதான். மாமாவுக்கு அதுவும் பிடிக்கும். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. பழைய பிரிட்டிஷ் டிவி எல்லாமே தங்கம் என்பவர்கள் அதையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இறங்கி வரும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். பிரிட்டிஷ் காமெடி நிலைத்து நிற்பதற்குக் காரணம், இழுக்காமல் முடித்துவிடுவதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டல்காரன் ஒருவனை வைத்து வந்த ஃபால்டி டவர்ஸ் மொத்தமே 12 எபிசோடுகள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. சரி, அப்படியானால் 37 வருஷம் ஓடிய இதை என்ன செய்வது? என் கட்சி வேறு. ஃபால்டி டவர்ஸ் எழுதியது ஜான் கிளீஸும் கோனி பூத்தும். யெஸ் மினிஸ்டர் எழுதியது ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும். இங்கே ராய் கிளார்க் தனி ஆள். பத்துப் பதினைந்து பேர் கூடி உட்கார்ந்து எழுதியது எதுவும் இதில் இல்லை. அப்புறம், ஜெயிக்கிறவன் ஒருத்தன்கூட இல்லை பாருங்கள். ஓட்டல்காரன் தோற்கிறான், மந்திரி செயலாளரிடம் தோற்கிறான், காம்போ துடைப்பத்திடம் தோற்கிறான். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே ஆள் தோற்கப் போகிறான் என்று தெரிந்துதான் ஜனங்கள் உட்காருகிறார்கள். யெஸ் மினிஸ்டர் 2001இல் இந்திக்குப் போய் ஜி மந்த்ரிஜி ஆனதற்கு எந்தச் சிரமமும் பட்டிருக்க மாட்டார்கள். கோப்பும் செயலாளரும் நமக்கும் அவர்கள் விட்டுப்போன சொத்துதானே.

“காசு காரணம் இல்லையா?” என்றார் மாமா. அதுவும்தான். பிபிசியில் விளம்பரம் கிடையாது. வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கட்டணம், 2025 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. நம் காசுக்கு இருபதாயிரம் ரூபாய்! எனக்குத் தலை சுற்றியது. மாமா முணுமுணுத்துக்கொண்டே வருஷா வருஷம் கட்டுகிறார்.

ஆனால் மாமாவிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்தேன். காம்போ போன பிறகு அந்த சீரியலை நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி சீசன்களில் சாலிஸுக்கும், பிற்பாடு வந்து சேர்ந்த இன்னொரு நடிகர் ஃப்ராங்க் தார்ன்டனுக்கும் வயதாகிவிட்டதால், வெளியே படம் பிடிக்க இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாமல் வீட்டுக்குள் உட்கார வைத்தே எடுத்தார்கள். மலையில் சுற்றுகிற கிழவர்களின் கதையில், கிழவர் சோபாவை விட்டு எழ முடியாது. அதுவே ஒரு நல்ல எபிசோடுக்கான கதை.

சாப்பாடு. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்குள் நுழைந்து, வரிசையில் நின்று, வாசனையில் நாக்கு ஊறிக்கொண்டிருந்தபோது அத்தை சுவரைக் காட்டினார். ‘மாட்டுக் கொழுப்பில் பொரித்தது’ என்று பெருமையாக எழுதி வைத்திருந்தார்கள். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனும் உருளைக்கிழங்கும் மாட்டுக் கொழுப்பில்தான் வேகும். அதுதான் அசல் ருசி என்பார்கள். மாடு சாப்பிடாதவர்கள், சுத்த சைவக்காரர்கள், “சிப்ஸ்தானே” என்று வாங்கிவிடாதீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். எண்ணெயில் பொரிக்கிற கடைகளும் உண்டு. மாமாவும் நானும் வெளுத்துக் கட்டினோம். அத்தை பையிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துவிட்டார்.

நிஜமான விருந்து கிராசிங்டனில்தான். டாக்ஸிக்காரர் இறக்கிவிட்டுப் போன கடுப்பில் ஒரு டீக்கடைக்குள் ஏறினோம். கருப்பாக, ஈரமாக, உலர்ந்த திராட்சை நெருக்கமாகப் பதிந்த ஒரு துண்டு பழக்கேக். அதன் பக்கத்தில் வெள்ளையாக, உதிர்ந்துவிடும்போல ஒரு துண்டு வென்ஸ்லிடேல் சீஸ். இரண்டையும் சேர்த்துக் கடிக்க வேண்டுமாம். கேக்கோடு சீஸா என்று முகம் சுளித்துக்கொண்டேதான் வாயில் வைத்தேன். லேசான புளிப்பும் உப்பும் அந்தத் திராட்சைத் தித்திப்பில் கரைந்ததும் இன்னொரு தட்டு சொல்லிவிட்டேன், பட்ஜெட்டாவது ஒன்றாவது.

அந்தச் சீஸுக்கும் ஹோம்ஃபர்த் கல்லறைக்கும் தொடர்பு உண்டு. வாலஸ் அண்ட் குரோமிட் களிமண் பொம்மைப் படங்களில் சீஸ் பைத்தியமான வாலஸுக்குக் குரல் கொடுத்தவர் அதே பீட்டர் சாலிஸ். ஹாஸ் என்ற ஊரில் வென்ஸ்லிடேல் சீஸ் செய்கிற ஆலையை 1992இல் மூடிவிட்டார்கள். வேலை இழந்த மேலாளர்கள் அதே வருஷம் அதை வாங்கித் திறந்தார்கள். 1995 படத்தில் வாலஸ் வாயில் அந்தப் பெயர் வந்ததும் விற்பனைக்குப் பெரிய கை கொடுத்தது. களிமண் பொம்மை ஒன்று ஊருக்கே சோறு போட்டிருக்கிறது.

கிராசிங்டன் இப்போது திரையில் டாரோபி என்ற கற்பனை ஊர். ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால், 1930களின் மாட்டு டாக்டர் கதை. 2020இலிருந்து சேனல் 5 காட்டுகிற இந்தத் தொடரை இங்கேதான் எடுக்கிறார்கள். கற்கள் பாவிய சதுக்கம், டெவன்ஷயர் என்ற மதுக்கடை திரையில் டிரோவர்ஸ் ஆர்ம்ஸ், ஸ்ட்ரைப்பி பேட்ஜர் புத்தகக் கடை திரையில் காய்கறிக் கடை. 1978 முதல் 1990 வரை பிபிசி இதே கதையை எடுத்தபோது டாரோபியாக நடித்தது ஆஸ்க்ரிக். ஜேம்ஸ் ஹெரியட் என்ற பெயரில் எழுதிய நிஜ டாக்டர் ஆல்ஃப் வைட் ஊசி போட்டதோ தர்ஸ்க்கில். அவர் வீடு இப்போது மியூசியம். ஒரே மாட்டு டாக்டருக்கு மூன்று ஊர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. சதுக்கத்தில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். அங்கே பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி காட்டுவது மட்டுமில்லை, தயாரிப்பிலும் பங்கு உண்டு. டெக்சாஸிலிருந்து வந்த ஒரு அம்மா, டாக்டர் வீட்டுக் கதவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற கதைக்கு டெக்சாஸில் என்ன பஞ்சம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

திரும்பி வர பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, ஆளுக்கு 3 பவுண்டு. கடைசியாகக் காசுக் கணக்கு: ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், காலை அலுவலக நேரத்தைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பக்கம் பஸ் குறைவு, போகாதீர்கள். டாக்ஸி பிடித்தே ஆக வேண்டும் என்றால், ஏறும் முன்பே தொகையைப் பேசி, போனில் அவர் கண் முன்னால் எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள். அத்தை இப்போது தர்ஸ்க் போக வேண்டும் என்கிறார். அங்கே படி ஏற வேண்டுமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.