கதவைத் திறந்ததும் வரும் முடைவாடை: வாஷிங் மெஷினில் செய்து பார்த்தவை

மெஷின்: ஏழு கிலோ, முன்கதவு, உள்ளேயே ஹீட்டர், குளிர்நீர் இணைப்பு மட்டும். இடம்: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், சமையலறைக்குப் பின்னால் காற்றோட்டம் குறைந்த ஒதுக்கு. குறை: கதவைத் திறந்தால் முடைவாடை. துவைத்த துண்டு காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. முகம் துடைத்து ஈரம் பட்டதும் நாறும்.

இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியமானது. காய்ந்தபோது அடங்கி, நனைந்ததும் எழும் வாடை பாக்டீரியாவின் வேலை. மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற கிருமி காய்ந்த துணியிலும் உயிரோடு கிடக்கும். ஈரம் கிடைத்தால் வாடையுள்ள கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். ஆகவே மெஷினை மட்டும் சுத்தம் செய்தால் பாதி வேலைதான் முடியும். துண்டுகளையும் கூடவே கவனிக்க வேண்டும்.

தொடங்குமுன் வாடையைப் பிரித்துப் பார்த்தது. மண்வாடை, பூஞ்சண வாடை என்றால் கதவு ரப்பரும் சோப்புத் தட்டும். சேற்று வாடை என்றால் பம்ப் பில்டர். அழுகிய முட்டை வாடை என்றால் வடிகுழாயையும் வெளியே உள்ள கழிவுநீர்க் குழியையும் சந்தேகிக்கலாம். ரப்பர் கருகும் வாடை சுத்தத்தால் தீராது. மெஷினை நிறுத்திவிட்டு பெல்ட்டையும் மோட்டாரையும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

பில்டர்

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே சுடுநீர் இருந்தால் ஆறவிட்டு, கீழ் மூலையில் இருக்கும் சிறு மூடியைத் திறந்தது. தாழ்வான தட்டு ஒன்று, பழந்துணி இரண்டு தேவை. பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாக வடிப்பது நல்லது. இல்லாவிட்டால் பில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும். வந்தது சாம்பல் நிறச் சேறு, முடி, கடற்கரை மணல், ஹேர்பின், சில்லறை. உள்ளே டார்ச் அடித்து, பம்பின் சிறு விசிறியைக் குச்சியால் சுழற்றிப் பார்த்தது; நூல் சுற்றியிருந்தால் தண்ணீர் முழுதாக வெளியேறாது, தேங்கியது நாறும். திரும்ப மூடியதும் டிரம்மில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பதை விடக்கூடாது. இதற்குப் பின் சேற்று வாடை போயிற்று, முடைவாடை போகவில்லை.

சோப்புத் தட்டும் கதவு ரப்பரும்

தட்டை வெளியே இழுத்து, நடுவில் உள்ள பிடியை அழுத்தினால் முழுதாகக் கழன்று வரும். சாஃப்ட்னர் அறையின் சிறு மூடியைத் தனியாகக் கழற்றி, எல்லாவற்றையும் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா (சோடியம் கார்பனேட்) போட்டு ஊறவைத்தது. பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் தட்டு நுழையும் பொந்தின் கூரை. தண்ணீர் பொழியும் ஓட்டைகளைச் சுற்றிக் கறுப்புப் பூஞ்சணம் அங்கேதான் படிகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வளைத்துத் தேய்க்க வேண்டும்.

கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்தால் அடியில் சின்ன வடிகால் ஓட்டைகள் தெரியும். அவை முடியால் அடைபட்டு, மடிப்பில் எப்போதும் தண்ணீர் நின்றது. முதலில் சோப்புத் தண்ணீரால் வழவழப்பு போகத் துடைப்பு. அழுக்கின் மேலேயே பிளீச் போட்டால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பிறகு இங்கே கடையில் கிடைக்கும் 3.5 சதவீத பிளீச் ஒரு பங்கு, குளிர்ந்த தண்ணீர் நான்கு பங்கு கலந்து, அதில் நனைத்த துணிக் கீற்றுகளை மடிப்புக்குள் அரை மணி நேரம் வைத்து எடுத்து, நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்தது. கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிளீச் பட்ட இடத்தில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ அம்மோனியா கலந்த திரவமோ படவே கூடாது. நச்சு வாயு எழும். ரப்பருக்குள் ஊறிவிட்ட கறுப்புப் புள்ளிகள் போகவில்லை. வாடை இல்லையென்றால் அவற்றை விட்டுவிடலாம், தேய்த்துத் தேய்த்து ரப்பரைக் கிழிக்க வேண்டாம்.

உண்மையான இடம்: வெளித் தொட்டி

கண்ணுக்குத் தெரியும் ஸ்டீல் டிரம் பளபளவென்றுதான் இருக்கிறது. அதைச் சுற்றி இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. அதன் உட்சுவரிலும் டிரம்மின் முதுகைத் தாங்கும் அலுமினியக் கைகளிலும்தான் சாம்பல் நிறப் பிசின் படிகிறது. உடம்பு எண்ணெய், கரையாத சோப்பு, சாஃப்ட்னரின் மெழுகு எல்லாம் சேர்ந்த படலம் அது. எப்போதும் 30 டிகிரியில், திரவச் சோப்பால் துவைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும். திரவச் சோப்பில் பொதுவாகப் பிளீச் கிடையாது. வெள்ளைத் துணிக்கான நல்ல பவுடர்களில் பெரும்பாலும் உண்டு.

வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்த்துப் போடும் முறை எங்கும் பரவியிருக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்தால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துவிடும். வினிகர் தனியாக உப்புப் படிவைக் கரைக்கும்தான், ஆனால் டர்பன் தண்ணீரில் கடினம் குறைவு, உப்புப் படிவு இங்கே பெரிய சிக்கல் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டியது காரமும் சூடும்.

போட்டது: சோடியம் பெர்கார்பனேட் (பிராண வாயுவை விட்டு வெளுக்கும் தூள்) 150 கிராம், வாஷிங் சோடா 100 கிராம். இரண்டையும் தட்டில் அல்லாமல் நேராகக் காலி டிரம்மில். ‘காட்டன்’ 60 டிகிரி, முன்துவைப்பு இல்லாமல். கறை நீக்கும் பவுடர் வாங்கினால் டப்பாவில் சோடியம் பெர்கார்பனேட் எவ்வளவு என்று படித்துப் பார்க்க வேண்டும். மலிவானவற்றில் குறைவாகவே இருக்கும். 60 டிகிரியில் அது நன்றாகப் பிராண வாயுவை விடும், குளிர்ந்த தண்ணீரில் மந்தம். கரைத்த கலவையை மூடிய பாட்டிலில் சேர்த்து வைக்கக் கூடாது, அழுத்தம் ஏறி வெடிக்கும்.

கதவுக் கண்ணாடியைத் தொட்டால் சூடு தெரிந்ததும் மெஷினை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சுழற்சியை முடித்தது. இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. காரம் அந்த அலுமினியக் கைகளை அரிக்கும் என்பதால் அது வேண்டாம்.

முதல் சுழற்சியில் சோப்பே போடாமல் கண்ணாடி வரை நுரை எழுந்தது. அவ்வளவும் உள்ளே தங்கியிருந்த பழைய சோப்பு. வாடையும் அன்று கூடியது. படலம் உடைந்து கலங்கியதால் அப்படி. பழுப்புச் செதில்கள் வந்தன. பில்டரை மறுபடி கழுவிவிட்டு, அதே அளவில் இன்னொரு சுழற்சி, அதன்பின் அலசல் மட்டும் இருமுறை. நுரையும் செதிலும் நின்றதுதான் முடிந்ததற்கு அடையாளம். முடைவாடை அப்போதுதான் போயிற்று.

மேல்மூடி மெஷினில் பெரும்பாலும் ஹீட்டர் இல்லாததால், சுடுநீர் இணைப்பு இருந்தால் கீசரிலிருந்து உச்ச மட்டம் வரை நிரப்பி, பெர்கார்பனேட்டை 250 கிராமாக்கலாம். மிதந்து வரும் செதிலைச் சல்லடையால் அள்ளிவிட்டுத்தான் வடிக்க வேண்டும்.

வடிகுழாய்

மெஷின் ஓடாதபோதும் வாடை வந்தால், குழாய் செருகியிருக்கும் கழிவுநீர்க் குழாயின் வாயை ஈரத்துணியால் ஓரிரவு அடைத்துப் பார்க்கலாம். காலையில் வாடை குறைந்திருந்தால் குற்றம் மெஷினில் இல்லை. வெளிக் குழியைக் கழுவி, அதன் வளைவில் தண்ணீர் நிற்கும்படி ஒரு வாளி ஊற்ற வேண்டும். வடிகுழாயின் வளைவு தரையிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்து கிடந்தால் கழிவு திரும்பி வரும்.

திரும்ப வராமல் இருக்க

சோப்பைக் குறைத்ததுதான் அதிகப் பலன் தந்தது. கடினமில்லாத தண்ணீருக்கு டப்பாவில் எழுதியிருக்கும் மிகக் குறைந்த அளவே போதும். துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் பவுடர் போட்டு 60 டிகிரியில். அதுவே மெஷினையும் கழுவிவிடுகிறது. துண்டுக்குச் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம், ஈரம் உறிஞ்சும் தன்மையையும் அது கெடுக்கும். துவைத்து முடிந்ததும் துணியை எடுத்து, மடிப்பைத் துடைத்து, கதவையும் தட்டையும் திறந்து வைப்பது வழக்கமாக வேண்டும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் கதவு ஒரு விரல் அளவுக்கு மேல் திறவாதபடி கட்டி வைக்கவும்.

தைப்பூசக் காவடிக்குப் பிறகு மெஷின்கள் நாறத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாலும் நெய்யும் விளக்கில் ஊற்றும் எண்ணெயும் ஊறிய மஞ்சள் வேட்டி சேலைகளை அப்படியே உள்ளே தள்ளுகிறோம். பாலைக் குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலச வேண்டும், சுடுநீர் பட்டால் அது துணியோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட இடத்தில் சோப்புக் கட்டி தேய்த்து அரை மணி நேரம் வைத்து, அதன் பிறகே மெஷின். மஞ்சள் கறை வாஷிங் சோடா பட்டால் சிவக்கும். பயப்பட வேண்டாம், அலசியதும் மாறிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் பெர்கார்பனேட் ஆகாது.

நடுவில் கரண்ட் போய்ச் சில மணி நேரம் துணி தண்ணீரில் கிடந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் சுழற்சியை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நீண்ட தண்ணீர்த் தடை இன்னும் மோசம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பகுதியில் மாதக்கணக்கில் குழாய் வறண்டது. அப்படிச் சும்மா நிற்கும் மெஷினின் பம்பில் தங்கும் தண்ணீரே அழுகிவிடும். தடை நீளும் என்று தெரிந்ததும் பில்டரைக் கழற்றி வடித்து, கதவைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் திரும்பியதும் குழாயைத் தனியாகத் திறந்து, கலங்கல் தெளியும்வரை வாளியில் பிடித்து, பின்பக்கம் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையைக் குறடால் இழுத்துக் கழுவியபின் இணைத்து, காலியாக 60 டிகிரியில் ஒருமுறை ஓட்டினால் துணி போடலாம்.