ஒலிந்தஸ் வீடுகளும் எங்கள் அம்மியும்

போர் முடிந்தபின் 2010ஆம் ஆண்டு மீள்குடியேறி, இலங்கையின் வடக்கே மாங்குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் வளவுக்குத் திரும்பியபோது, குசினி இருந்த இடத்தில் சாம்பல் கலந்த மண்ணும், கிணற்றடியில் பாதி புதைந்து கிடந்த அம்மியும்தான் எஞ்சியிருந்தன. குழவி அகப்படவில்லை. குசினியில் இருந்த அம்மி கிணற்றடிக்கு எப்படி வந்தது என்று அம்மா பல நாள் யோசித்துக்கொண்டிருந்தார். பண்டைய கிரேக்க நகரமான ஒலிந்தஸைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்குத் திரும்பி வருகிறது.

வட கிரேக்கத்திலிருந்த அந்த நகரை கி.மு. 348இல் மக்கெடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அழித்து, பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றான். நகரின் பெரும்பகுதியில் பின்னர் எவரும் வீடு கட்டாததால், விட்டுப்போன பொருட்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரொபின்சன் 1928 முதல் 1938 வரை நான்கு பருவங்களில் அங்கு அகழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை வெளிக்கொணர்ந்தார். கோயில்களையும் சிலைகளையும் தேடியே பலர் தோண்டிய காலத்தில், எந்தப் பொருள் எந்த வீட்டின் எந்த அறையில் கிடந்தது என்று அவரது குழுவினர் எழுதி வைத்ததைத்தான் நான் அவர்களுடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

தறியில் பாவு நூல்களை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும், மேற்புறம் துளையிட்ட சுடுமண் எடைகள் ஓர் அறையில் குவியலாகக் கிடந்தால், அங்கே தறி நின்றிருக்கலாம் என்று கொள்ளலாம். அதே எடையைத் தனியாகக் கையில் எடுத்தால் அது வெறும் மண்கட்டிதான். தானியம் அரைக்கும் கற்களும், உட்கார்ந்து குளிக்கும் சுடுமண் தொட்டிகளும் அவ்வாறே அந்த வீட்டாரின் அன்றாடத்தைக் காட்டுகின்றன.

சுடுமண் உருவங்கள் அவ்வளவு இலகுவில் பிடிபடுவதில்லை. அமர்ந்திருக்கும் பெண்கள், விலங்குகள், நகைச்சுவை நாடக நடிகர்கள், சுவரில் தொங்கவிடத் துளையிட்ட பெண் முகங்கள் எனப் பலவும் கிடைத்துள்ளன. களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, சூளையில் வெடிக்காதிருக்க முதுகில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். அவை கல்லறைகளில் மட்டுமன்றி வீடுகளின் புழக்க அறைகளிலும் அகப்பட்டன. ஆகவே கையளவு உருவம் ஒன்று கும்பிடுவதற்கானதா, பிள்ளையின் விளையாட்டுப் பொருளா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் வீட்டிலும் மண்குதிரை ஒன்று இரண்டுக்கும் பயன்பட்டது.

இவற்றோடு கிடைத்தவைதான் ஈயத்தாலான கவண் குண்டுகள். வாதுமை வடிவிலான அவற்றுள் சிலவற்றில் ‘பிலிப்புடையது’ என்று கிரேக்கத்தில் வார்த்திருக்கிறது. எய்தவன் பெயரை குண்டே சுமந்து வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் எந்தப் பொருளும் கிடந்த இடத்தில் நிலைக்கவில்லை. பழைய இரும்பு சேர்ப்பவர்கள் சட்டிகளையும் தகரத்தையும் நிறுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியவற்றை நாங்களே கூட்டி எரித்தோம். அம்மியையும் அன்றே கிளப்பிப் புதிய குசினிக்குக் கொண்டுபோய்விட்டோம். “அது கிணத்துக்குக் கிழக்காலதான் கிடந்தது” என்கிறார் அம்மா. தெற்கே என்றுதான் எனக்கு ஞாபகம்.