தலையெழுத்தும் கடைசி எழுத்தும்

இலங்கையில் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அடுத்த கிழமை எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் அப்பாவும் நானும் இருந்தோம். 2001ஆம் ஆண்டு. எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் தகப்பனோடோ மாமனோடோ வந்தவர்கள். உள்ளே உப அதிபர் சேர் பெறுபேற்றுத் தாள்களை மேசையில் விரித்துவைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. தாளைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"மற்ஸோ பயோவோ?"

"மற்ஸ்" என்றார் அப்பா.

சேர் எழுதிக்கொண்டார். நானும் அந்த அறையில் நின்றேன் என்பதற்கு ஒரே சாட்சி, வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு வரி: "இங்கிலீசை விட்டிடாதையும்."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏற்பாடு அப்படி. கணக்கு நல்லாய் வந்தால் கணிதப் பிரிவு, விஞ்ஞானம் நல்லாய் வந்தால் உயிரியல், இரண்டும் மட்டுமட்டாய் இருந்தால் வர்த்தகம், மற்றவர்களுக்குக் கலை. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு அதற்கு அடுத்த படியான உயர்தரத்துக்கு நான்கு பாடம் என்றிருந்தது மூன்றாகியிருந்தது. கணிதப் பிரிவென்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அவ்வளவுதான், உள்ளே போனபின் தெரிவுசெய்ய ஒன்றும் இல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம். தாண்டாவிட்டால் இன்னொரு தடவை, அதற்குப் பிறகும் ஒரு தடவை. மிச்சம் தலையெழுத்து.

ஆனால் சேரை அந்த மூன்று நிமிடத்தை வைத்து மட்டும் நினைத்தால் பாவம். என் கையெழுத்து வடிவாயிருந்தபடியால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, வருடம் தொடங்குமுன் நேரசூசி எழுத என்னைக் கூப்பிடுவார். இரண்டு பிறிஸ்ரல் போட்டை ஒட்டி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஆசிரியருக்கு ஒரு நிறமாக நிரப்ப வேண்டும். எல்லாம் பென்சிலில்தான். யார் எந்தக் கிழமை கொழும்புக்குப் போவார், யார் திரும்பி வருவார் என்று தெரியாத காலத்தில் பேனாவால் எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். பௌதிகவியலுக்கு ஒரே ஒரு ஆசிரியர். ஆய்வுகூடமும் ஒன்றே. இரசாயனச் செய்முறைக்கு இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல வேண்டும். பின்னேரம் எந்த ரியூசனுக்கு எந்த வகுப்பு ஓடும் என்பதும் சேருக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஒரு பெட்டியை நகர்த்தினால் ஏழு பெட்டி கலையும். சேர் ரப்பரைக் கையில் உருட்டியபடி பத்து நிமிடம் பேசாமல் இருப்பார். பிறகு சட்டென்று, "புதன் மூன்றாம் பாடத்தை அழியும்" என்பார். அழித்தால் எல்லாம் பொருந்திவிடும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது, எந்த இடைஞ்சல் வந்தாலும் மாறாது: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் கணக்கு வைக்கக் கூடாது. "அந்த நேரம் பெடியன் மனத்தால வீட்ட போயிட்டான். கணக்குக்கு ஆள் முழுசா வேணும்." ஒருமுறை அந்தச் சட்டத்துக்காக முழு அட்டையையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது, அம்மாவிடம் நல்ல பேச்சு வாங்கினேன்.

உயர்தர வகுப்பில் நான் இருந்தது மூன்றே மாதம். அண்ணா ஸ்பொன்சர் செய்த அலுவல் சரிவந்து, ஓகஸ்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் ரொறன்ரோவில் இறங்கினோம். செப்டெம்பரில் ஸ்காபரோவில் ஓர் உயர்பாடசாலையில் 11ஆம் வகுப்பு. பாடசாலை தொடங்க முதல் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். நான் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையாட்டினேன். கடைசியில் ஒரு சின்னத் தாள் கையில் வந்தது. அதுதான் நேரசூசி. ஊரில் வகுப்புக்கு ஒரு நேரசூசி, இங்கே ஆளுக்கு ஒன்று! அரை வருடத்துக்கு நான்கே பாடம், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எனக்கு வந்தவை ஈ.எஸ்.எல். ஆங்கிலம் (ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கானது), உடற்பயிற்சி, சமையல், கணிதம்.

கணித வகுப்பில் முதல் மாதம் முழுக்க வட்டி. கார் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு, கடனட்டையில் மிச்சம் விட்டால் எவ்வளவு ஏறும் என்று. மூன்று மாதம் முன்புதான் சைன், கொஸ் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவனுக்கு அது பஞ்சுமெத்தை. 96 வந்தது. "கனடாக் கணக்கு நாலாம் வகுப்புக் கணக்கு" என்று ஊரிலிருந்த நண்பனுக்குக் கடிதமும் போட்டேன். அந்தக் கடிதத்தை அவன் இன்னும் வைத்திருப்பதாகச் சொல்கிறான், கல்யாண வீடுகளில் வாசிப்பேன் என்று வெருட்டுவான்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவ, குடியேற்ற உதவியாளர்களைப் பாடசாலைகளுக்குள்ளேயே அனுப்பும் திட்டம் 1999இல் தொடங்கியிருந்தது. எங்கள் பாடசாலைக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒரு தமிழ் அக்கா வருவார். ஒக்டோபரில் ஒருநாள் சாப்பாட்டு நேரம் என்னைப் பிடித்து இருத்தினார்.

"தம்பி, என்ன படிக்க விருப்பம்?"

"எஞ்சினியரிங், அக்கா."

"இந்த நேரசூசியோடயோ?" தாளில் கணிதத்துக்கு எதிரே இருந்ததை வட்டமிட்டார். எம்.பி.எஃப்.3சி. "இதை ஒருத்தரும் உமக்குச் சொல்லித் தரேல்லையோ?"

இல்லை. அன்று அவர்தான் சொல்லித் தந்தார். முதல் மூன்று எழுத்து பாடம். நடுவிலுள்ள இலக்கம் வகுப்பு: 1 என்றால் ஒன்பதாம் வகுப்பு, 3 என்றால் பதினொன்று, 4 என்றால் பன்னிரண்டு. கடைசி எழுத்துத்தான் ஆள் எங்கே போகிறான் என்று சொல்வது. யூ என்றால் பல்கலைக்கழகம், சி என்றால் தொழிற்படிப்புக்கான கொலிஜ், எம் என்றால் இரண்டுக்கும், ஈ என்றால் நேரே வேலைக்கு. எனக்கு விழுந்திருந்தது சி. அந்த 3சியிலிருந்து போகக்கூடியது பன்னிரண்டாம் வகுப்பின் 4சிக்குத்தான். கல்குலஸுக்கு அதிலிருந்து வழியில்லை. கல்குலஸ் இல்லாமல் எஞ்சினியரிங் இல்லை. 96 எடுத்தாலும் இல்லை, 100 எடுத்தாலும் இல்லை.

யார் போட்டார் என்று தேடிப் போகவில்லை. ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைக்கு இலேசான கணக்காய் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். நல்லெண்ணம் என்று தெரிந்தும் கோபம் குறையவில்லை. அந்த வருடம் அதே வகுப்பில் என்னோடு இன்னும் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அக்காதான் பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் அறைக்குக் கூட்டிப்போனார். கைடன்ஸ் என்றால் குழப்படி செய்தவர்களை அனுப்பும் இடம் என்று நினைத்திருந்தேன். சுவர் நிறையப் பல்கலைக்கழகக் கையேடுகள், ஒவ்வொன்றும் தலையணைத் தடிப்பு. கவுன்சிலர் நடுத்தர வயதுப் பெண்மணி. அப்பாவையும் வரச்சொல்லியிருந்தார். "என்ன படிக்க ஆசை?" என்று கேட்க, அக்கா மொழிபெயர்த்து முடிக்குமுன் அப்பா "எஞ்சினியரிங்" என்றார். கவுன்சிலர் சிரித்து, அப்பாவுக்குத் தலையசைத்துவிட்டு, கதிரையை என் பக்கம் திருப்பினார். பேசாமல் இருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருக்க, அக்கா கூரையைப் பார்க்க, அப்பா என்னை முறைக்க, கடைசியில் நானும் "எஞ்சினியரிங்" என்றேன். அப்பாவின் முகத்தில் அப்போது வந்த திருப்தியைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டார், பென்சிலால். பக்கத்தில் ரப்பர். எனக்குச் சேரின் அறை ஞாபகம் வந்தது.

கணக்கு இதுதான். ஒன்ராறியோ மாகாணத்தின் உயர்பாடசாலை டிப்ளோமாவுக்கு 30 கிரடிட் வேண்டும், ஒவ்வொன்றும் 110 மணித்தியாலப் படிப்பு. ஊரில் படித்ததற்கு அதிபர் 16 தந்திருந்தார். மிச்சம் 14. இரண்டு வருடத்தில் 16 பெட்டி இருக்கிறது, இடம் தாராளம் என்று எனக்குப் பட்டது. எண்ணிக்கையில் சரிதான், வரிசைதான் சிக்கல். பல்கலைக்கழகம் கேட்பது பன்னிரண்டாம் வகுப்பின் யூ, எம் பாடங்களில் ஆறு, அதில் ஆங்கிலம் கட்டாயம். அந்த ஆங்கிலத்துக்கு முன் பதினொன்றின் ஆங்கிலம், அதற்கு முன் ஈ.எஸ்.எல்.லின் கடைசி இரண்டு படி. நான்கு படியை நான்கு அரைவருடத்தில் ஏறினால் கடைசிப் படி முடியும்போது விண்ணப்பக் காலம் போய்விடும். ஆகவே ஒரு படியைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினார். கணிதத்துக்கு இன்னொரு வழி. அந்த அரைவருடம் நடுவில் வந்துவிட்டபடியால் பகல் வகுப்பில் மாற இடமில்லை. இரவுப் பாடசாலையில் யூ கணிதம் எடுக்கலாம். பௌதிகமும் இரசாயனமும் அடுத்த அரைவருடம். நான்கு தடவை அழித்தார். ஐந்தாம் தடவை பொருந்தியது.

அந்தக் குளிர்காலம் கிழமையில் இரண்டு இரவு, பஸ் தரிப்பில் நின்று மூக்கு விறைக்க இரவு வகுப்புக்குப் போனேன். அப்பா பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றித் தருவார். பெரிய சாதனையாய்ச் சொல்ல ஒன்றும் இல்லை, வகுப்பில் பாதிப் பேர் தொழிற்சாலை வேலை முடித்து நேரே வந்தவர்கள்.

40 மணித்தியாலச் சமூகசேவை என்று ஒன்றும் டிப்ளோமாவுக்கு வேண்டும். கோயிலில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டினேன். படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சாமிக்குச் செய்த தொண்டுக்கும் மணிக்கணக்கோ?" என்றா. எழுத்தறிவுச் சோதனை முதல் தடவை தவறியது, இரண்டாம் தடவை சித்தி.

விண்ணப்பிக்கும் வருடம் பார்த்து வந்ததே ஒரு கூத்து! ஒன்ராறியோவில் பதின்மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். பழைய திட்டத்தில் ஐந்து வருடம் படித்தவர்களும் புதிய திட்டத்தில் நான்கு வருடம் படித்த நாங்களும் 2003இல் ஒன்றாய் வெளியே வந்தோம். டபிள் கோஹோர்ட் என்று பேப்பர் முழுக்க அதே கதை. குவெல்ஃப் நகரிலிருக்கும் பல்கலைக்கழக விண்ணப்ப நிலையம் ஒன்றுக்கு ஒரே விண்ணப்பம், அடிப்படைக் கட்டணத்தில் மூன்று தெரிவு. சித்தப்பாமார் பத்துப் பெயர் சொன்னார்கள். கவுன்சிலர் ஒவ்வொன்றுக்கும் கையேட்டைத் திறந்து, கேட்கிற பாடம் என் பெட்டிகளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். ஒன்று மறுத்தது, ஒன்று கேட்காத பிரிவைத் தந்தது, ஒன்று கேட்டதைத் தந்தது.

கொலிஜ் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் கல்லூரியின், அதாவது ஊரில் நாங்கள் படித்த பாடசாலையின், மலர். கல்லூரி என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிற ஆட்கள் நாங்கள். ஆனால் இங்கே பிள்ளைக்குக் கொலிஜ் என்றால் வீட்டில் செத்தவீடு. என்னோடு அந்த 3சி வகுப்பில் இருந்த ஒருவனுக்கு வயரும் மோட்டரும் என்றால் உயிர். அவனுடைய அம்மா அழுதுகொண்டு கைடன்ஸ் அறைக்கு வந்தா. எனக்கு சியை யூவாக மாற்றித் தந்த அதே கவுன்சிலர் அவனுக்கு சிதான் சரி என்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அவன் கொலிஜில் எலெக்ட்ரிக்கல் தொழில்நுட்பம் படித்தான். என் வீட்டு வயரிங் அவன் செய்தது. காசு வாங்க மாட்டேன் என்றான், பிறகு வாங்கினான். எனக்கு எழுத்துப் பிழையாய் விழுந்ததைவிட, ஒருவரும் கேட்காமல் விழுந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் என் மகள் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்யச்சொல்லிக் கணினியில் வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். எம்.டி.எச்.1டபிள்யூ. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளைப் பிரிப்பதை 2021இல் கணிதத்தோடு நிறுத்தத் தொடங்கி, இப்போது எல்லோருக்கும் ஒரே எழுத்து. ஊரில் சாதாரணதரத்தில் டபிள்யூ என்றால் சித்தியில்லை என்று அர்த்தம் என்று மனைவி சொல்லிச் சிரித்தா. மிச்சப் பெட்டிகளுக்கு மகள் நாடகமும் சங்கீதமும் போட்டிருக்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு கதிரையை அவள் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். "என்னப்பா?" என்றாள்.

உப அதிபர் சேருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், குரல் அதே குரல். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் போன் எடுத்தேன்.

"மகள் என்ன, மற்ஸோ பயோவோ?"

"இங்க பிரிவு இல்லை சேர். பாடம் பாடமாத் தெரியலாம்."

"அப்ப ஆர் முடிவெடுக்கிறது?"

"அவதான்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சரி. நேரசூசி ஆர் போடுறது?"

"கொம்பியூட்டர் சேர்."

"அதுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் கணக்கு வைக்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லிக் குடுத்தவையோ?"