மைக் செட்டில் ஊர்ப் பெயர்

ஜூன் 2, 2025

சாலிகிராமம். எடிட் ரூம் ஏசி மறுபடியும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. 31 மணி நேர ரஷ்ஷஸை, அதாவது எடுத்தது எடுத்தபடி இருக்கிற காட்சிகளை, 22 நிமிட டிவி ஆவணப்படமாக்க வேண்டும், அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் 27 வருடமாக ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்கள். இங்கே அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே எழுதப் போகிறேன். பெரியக்காவுக்கு 61, பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவர். சின்னக்கா வீட்டிலேயே துணி தைக்கிறார். ஊர் அவர்களை அக்கா தங்கச்சி என்று நினைக்கிறது, அல்லது நினைப்பதாகக் காட்டிக்கொள்கிறது. முகம் வரக்கூடாது என்பது முதல் நாளே பேசியது. ஒப்புதல் படிவத்தின் அடியில் சின்னக்கா பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "படத்தைப் பாத்துட்டு வேணாம்னு சொன்னா வேணாந்தான்." டிவி ஆட்கள் யாருக்கும் இந்த வரி பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 5

முகத்தை மங்கலாக்கிப் பார்த்தேன். மோசம். நம் ஊர் டிவியில் மங்கலான முகம் என்றாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவன்தான். குரலை இறக்கினால் இன்னும் கொடுமை, பெரியக்கா ரசம் வைப்பதைப் பற்றிப் பேசுகிறார், கேட்பதற்கு ஆள் கடத்தியவன் பணம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

2020இல் வந்த 'வெல்கம் டு செச்னியா' ஆவணப்படத்தில் டேவிட் ஃபிரான்ஸ் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார். தன்பாலீர்ப்பாளர்கள் என்பதால் ரஷ்யாவின் செச்னியாவிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு 22 தன்னார்வலர்கள் தங்கள் முகத்தை இரவல் கொடுத்தார்கள், கணினியில் அந்த முகங்களை இவர்கள்மேல் பொருத்தினார்கள். கண் கலங்குவது, உதடு துடிப்பது எல்லாம் தெரியும், ஆள் மட்டும் தெரியாது. படத்தின் நடுவில் ஒருவர் வெளிப்படையாகப் பேசலாம் என்று முடிவெடுக்கும்போது அந்த இரவல் முகம் கரைந்து அவருடைய சொந்த முகம் வரும். அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சரி, நம் பட்ஜெட்டில் வாளிதான் வாங்க முடியும். கை, முதுகு, மிஷின் மிதிக்கிற கால், கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயும் இரண்டு புடவை. அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஜூன் 9

சேனலிலிருந்து போன். "அழுற இடம் ஒண்ணு வேணும் சார், இப்படியே சிரிச்சிட்டே இருந்தா எப்படி?" அப்புறம், "கூவாகம் விஷுவல் கொஞ்சம் சேத்துக்கங்க." இந்தப் படத்துக்கும் கூவாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "எல்லாம் ஒரே டாபிக்தானே" என்றார். திருநங்கைகள் என்றாலே கூத்தாண்டவர் கோயில், தாலி, மறுநாள் ஒப்பாரி, லிப்ஸ்டிக் குளோசப் என்று வருடா வருடம் எடுத்துத் தள்ளியாகிவிட்டது, இப்போது இரண்டு பெண்கள் கதைக்கும் அதையே ஒட்டச் சொல்கிறார்கள். 2008இலேயே விஜய் டிவியில் திருநங்கையான ரோஸ் தன் பெயரிலேயே 'இப்படிக்கு ரோஸ்' நடத்தினார், எதிரில் உட்கார்ந்தவர்களை அவர்தான் கேள்வி கேட்டார். 17 வருடம் கழித்து நான் அழுகைக் காட்சி தேடிக்கொண்டிருக்கிறேன்.

டைட்டில் கார்டுக்கு என் பெயர் எப்படிப் போட வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 12

சப்டைட்டில் வேலை. எந்த வார்த்தை போடுவது என்பதில் ஒரு நாள் போய்விட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தொடங்கிவைத்த வேலையில், இவர்களை மரியாதையாகக் குறிப்பிட 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே சொற்பட்டியல் வந்தது, 'குயர்' என்பதற்கு 'பால்புதுமையர்' அதில் இருக்கிறது. போன மாதம் 22ஆம் தேதி அதே உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், குடும்பம் உருவாகக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, வீட்டார் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பில் 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லே சங்கடமாக இருக்கிறது, அவர்களுக்கு இயல்பாக இருப்பதை ஏன் விசித்திரம் என்று கூப்பிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கே தீராத பஞ்சாயத்து. 31 மணி நேரத்தில் பெரியக்கா இந்த எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. "ஒண்ணா இருக்கோம்" என்கிறார், அவ்வளவுதான். அதையே போட்டுவிட்டேன்.

ஜூன் 16

இன்று வயிற்றைக் கலக்கிவிட்டது. படத்திலேயே நல்ல இடம் என்று நான் வைத்திருப்பது பெரியக்கா சொல்வது: "இவ தச்ச மொத ஜாக்கெட்டு எனக்குத்தான். ஒரு கை ஏறி ஒரு கை இறங்கி இருக்கும். அதையே ஏழு வருஷம் போட்டேன்." நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சவுண்டு மிக்ஸுக்குக் கொடுப்பதற்கு முன் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது, 'ஜாக்கெட்டு'க்கும் 'எனக்குத்தான்'க்கும் அடியில் தூரத்துக் கோயில் மைக் செட், திருவிழா நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஊர்ப் பெயரோடு வாசித்துக்கொண்டிருக்கிறது. ஊர் பெயர். தெளிவாக.

உடனே எல்லா ஷாட்டையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். சுவரில் மளிகைக் கடைக் காலண்டர், கடை முகவரியோடு, நாலு வினாடி. முகத்தை மறைத்துவிட்டு முகவரியை ஒளிபரப்பப் பார்த்திருக்கிறோம். காலண்டரை வெட்டியாகிவிட்டது. மைக் செட்டை எடுக்கிற மென்பொருள் ஓட்டினால் பெரியக்கா தண்ணிக்குள்ளிருந்து பேசுகிறார். இயக்குநரிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் பஸ் புக் பண்ணு என்றார்.

ஜூன் 21

லேப்டாப்பில் படம் போட்டோம். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதுகு வந்தபோது சின்னக்கா, "ஒனக்குக் கூனல் விழுந்துருச்சு" என்றார். முடிந்ததும் நான் பயந்துகொண்டே, எதையாவது எடுக்கணுமாக்கா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்கள். "அந்த அடுப்படி வருதுல்ல, பாத்திரம் கழுவாம கெடக்கு, அத எடுத்துருங்க தம்பி."

ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற ஜாக்கெட் கதையை மறுபடி சொல்லச் சொன்னோம். இந்தத் தடவை ஏழு வருடம் அஞ்சு வருடமாகிவிட்டது. உள்ளேயிருந்து சின்னக்கா குரல்: "ஏழு! அஞ்சுன்னு எவ சொன்னா?" அதையும் சேர்த்தே வைக்கிறேன். பழைய டேக்கைவிட இது நன்றாக இருக்கிறது என்று இயக்குநரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது சின்னக்கா கேட்டார், "ஒன் பேரு வருமா தம்பி?"

"கடைசில வரும்க்கா."

"ஒங்கம்மா டிவி பாப்பாங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்ப்பார்கள் என்றேன். ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தார்.

ஜூன் 24

கழுவாத பாத்திரம் போய் அந்த இடத்தில் மிஷின் மிதிக்கிற கால். அழுகிற இடம் இல்லை, கூவாகம் இல்லை, சேனல் முனகிக்கொண்டே சரி என்றுவிட்டது, நேரம் இல்லாததால்தான். டைட்டில் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா காலையில் போன் செய்து, கும்பகோணத்தில் நல்ல இடம் வந்திருக்கிறது, போட்டோ அனுப்பவா என்றார். கேமரா, ஒலிப்பதிவு, சப்டைட்டில் எல்லாருக்கும் பெயர் போட்டாகிவிட்டது. 'படத்தொகுப்பு' என்று அடித்து எதிரில் இடம் விட்டிருக்கிறேன். நாளை மாலை 5 மணிக்கு எக்ஸ்போர்ட்.